சாய்ந்த காம்பு

தகரப் பெட்டியைத் திறந்ததும் ரப்பர் மரத்துக் கித்தாப் பாலின் புளிப்பு வாசம் வந்தது. எத்தனை முறை வெயிலில் போட்டாலும் உன் துணியை விட்டு அது போகவில்லை. நிறைமாதமாக இருக்கும் உன் மகள் அந்தச் சின்னச் சட்டையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள்.

மலாயாவில், ஈப்போவுக்கு வெளியே நம் தோட்டத்தில், அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், நீயும் நானும் அடுத்தடுத்த நிரையில் பால்மரம் வெட்டினோம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வீட்டுக் குப்பையில் கிடந்த பூப்போட்ட கைக்குட்டையை நீதான் எடுத்து வந்தாய். பின்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தையலாகப் பிரித்து, ஊசி போன வழியைக் கண்டுபிடித்தோம். ஓட்டுத்தையல் அன்றைக்கே வந்துவிட்டது. சங்கிலித்தையல் இரண்டு பேரையும் அழவைத்தது. காம்புத்தையல் உனக்கு வரவே இல்லை. ஒவ்வொரு தையலும் முந்தினதை ஒட்டி, வரைந்த கோட்டிலேயே ஏற வேண்டும். உன் கையோ மரத்தில் கத்தி இழுக்கிற பழக்கத்தில் சரிந்து சரிந்து இறங்கியது.

"கங்காணி பாத்தா மெச்சுவாரு, நல்ல வெட்டு" என்று கிண்டல் செய்தேன்.

"அப்ப பால் புடிக்கக் கீழ ஒரு மங்கு வையிக்கா" என்றாய்.

இரண்டு பிள்ளைகளைப் பெற்றுப் பறிகொடுத்தவள் நீ. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது, பிறக்குமுன் பிள்ளைக்குத் துணி தைப்பது ஆகாது என்று லயத்து வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். நீ கேட்கவில்லை. வேலைக்குக் கட்டிய பழைய சேலையைச் சட்டையாக வெட்டிப் பூப்போட்டாய். யாராவது கேட்டால், "சும்மா பழகுறேன், பழந்துணிதானே" என்பாய். என்னிடம் மட்டும், "இது தங்கும்க்கா. உடுப்பு காத்திருந்தா வராமப் போயிருமா?" என்றாய்.

பிள்ளை தங்கியது. பிரசவக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். கழுத்தோரம் ஒரு பூ பாக்கி நின்றது. தைத்ததுதான் உன்னைக் கொண்டுபோனது என்றார்கள். உன் பாயோடு சட்டையையும் எரிக்கச் சொன்னார்கள். பாயைக் கொடுத்தேன். சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆனாலும் உன் மகளுக்கு அதைப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவளை வளர்த்தேன், அதைப் பூட்டி வைத்தேன்.

"மிச்சப் பூவப் போட்டுக் குடுங்க பெரியம்மா. என் புள்ளைக்கு மொதல்ல இதான்" என்றாள் மடியில் சட்டையோடு உன் மகள்.

"வேணாம்மா, பொறக்கட்டும்."

"பச்சப்புள்ளைக்குப் பழந்துணிதானே போடணும்? இது என்னவிடப் பழசு லா."

உன் வாய் அப்படியே அவளுக்கு.

ஊசியில் நூல் கோத்தேன். பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. காம்பை நேராகத் தைக்க எனக்கு வரும். உன்னைப்போலவே சரித்துத் தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தேன். நீ சொன்னதைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன், புள்ள. உடுப்பு காத்திருக்கிறது. வராமல் போகாது.