கிழங்கக்காவின் அண்ணனுக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் புருஷன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை. கை வரவில்லை.

போனை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்திருக்கிறானே என்று நினைக்காதீர்கள். உங்கள் தங்கைக்குப் பாம்புக் காது. ஆஸ்பத்திரி வராந்தாவின் அந்தக் கோடியில் நின்று பேசினாலும், அண்ணன்கிட்ட என்ன குசுகுசுன்னு பேசுறீங்க என்று கட்டிலில் இருந்தே கேட்கிறாள். கட்டில் என்று எழுதிவிட்டேன். ஆமாம் மச்சான், அவளைச் சேர்த்திருக்கிறோம். தலைவலிக் காய்ச்சல் என்று அவள் உங்களிடம் சொன்னது பொய். பக்கத்துக் கடைக்காரரின் மருமகன் இன்றைக்கே உங்கள் பக்கம் புறப்படுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேலைக்கு வந்த இடத்தில், லிஃப்ட் மோட்டார் அறையில் கருவிப்பெட்டியை மடியில் வைத்து எழுதுகிறேன். இங்கிருந்து போனில் பேசலாம்தான், ஆனால் இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு வராது. கிரீஸ் கறை பட்டிருந்தால் மன்னிக்கவும்.

அவளுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து, மண்ணுக்குக் கீழே விளைவது எதுவும் ஆகாது என்று யார் யாரோ சொல்லிச் சொல்லி, நாளெல்லாம் கிழங்கு விற்று, சந்தையில் கிழங்கக்கா என்றே பேர் வாங்கினவள் ஒரு துண்டைக்கூட வாயில் வைத்ததில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் செய்தி வந்தது. பீட்ரூட்டின் சிவப்பும் கேரட்டின் மஞ்சளும் ஊதாச் சர்க்கரைவள்ளியின் நிறமும் வெறும் அழகுக்கு இல்லை, உடம்பு உள்ளுக்குள் துருப்பிடிக்காமல் காக்கிற சத்து அது, நார் இருப்பதால் சர்க்கரையும் சட்டென்று ஏறாது என்று பேசி அனுப்பியிருந்தீர்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நான் விக்கிற சரக்கே எனக்கு மருந்தாம், எங்க அண்ணன் சொல்லிடுச்சு என்று சந்தை முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். வாங்க வந்தவர்களுக்கெல்லாம் உங்கள் குரலைப் போட்டுக் காட்டினாள். உங்கள் பேரைச் சொல்லி வியாபாரமும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது.

அந்தச் செய்திக்கு முந்தின நாள் அவள் உங்களிடம் இரண்டு விஷயத்துக்குப் புலம்பியிருந்தாள். சோறு தின்றால் சர்க்கரை ஏறுகிறது என்பது ஒன்று. மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்பது இன்னொன்று. அதற்குப் பதிலாக வந்த அந்தச் செய்தியின் முடிவில் நீங்கள் சொன்னது இதுதான்: அதுக்குப் பதிலா தினம் கிழங்கு சாப்பிடும்மா, எல்லாம் சரியாப் போயிடும்.

எதுக்குப் பதிலா மச்சான்? அவள் மாத்திரைக்கு என்று எடுத்துக்கொண்டாள். சோறு எப்போதும்போல் ஒரு தட்டு, அதற்கு மேல் கிழங்கு ஒரு தட்டு, பீட்ரூட்டைப் பிழிந்து சக்கையை எறிந்துவிட்டு ஒரு டம்ளர் சாறு. மாத்திரை அட்டை அலமாரியிலேயே கிடந்தது. நான் சத்தம் போட்டால், டாக்டரம்மா நேத்து வந்தவங்க, அண்ணன் என்னைத் தூக்கி வளர்த்தது என்பாள்.

பிறகு சிறுநீர் சிவப்பாகப் போனது. பயந்துபோய்க் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பீட்ரூட் தின்னா அப்படித்தான் போகும், நம்ம சரக்கு அசல், சாயம் போகாது என்றாள். உண்மையிலேயே சிலருக்கு அப்படிப் போகுமாம், டாக்டரும் பிறகு சொன்னார். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். இடுப்பில் வலி வந்தது, மூட்டை தூக்கினது என்றாள். குளிர்காய்ச்சல் வந்தது, மழையில் நனைந்தது என்றாள். பீட்ரூட்டை நிறுத்திப் பார் என்றேன், நிறுத்தினாள். சிவப்பு நிற்கவில்லை. ஊறின சாயம் இறங்க நாளாகும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள். கடையிலேயே, கேரட் சாக்கின் மேல் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அது சாயம் இல்லை மச்சான், ரத்தம். சர்க்கரை கட்டுக்கு மீறி ஏறிக் கிடந்ததால் கிருமி கிட்னி இரண்டையும் பிடித்துவிட்டது.

டாக்டர் கிழங்கைத் திட்டவில்லை. சோத்தைக் குறைச்சு, தோலோட வேக வெச்சு அளவாச் சாப்பிட்டிருந்தா நல்லதுதான், மாத்திரையை யார் விடச் சொன்னது என்றுதான் கேட்டார். உங்கள் பேரை நான் சொல்லவில்லை. இப்போது கிட்னி கெட்டதால் கிழங்கில் இருக்கிற பொட்டாசியத்தையே உடம்பால் வெளியேற்ற முடியாதாம், ஒரு துண்டுகூடக் கூடாதாம். அதைக் கேட்டதும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உடனே மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தால் கிட்னி தேறுவதற்கு இன்னும் வழி இருக்கிறது என்கிறார்கள். தள்ளிப் போட்டால் ஆளே மிஞ்ச மாட்டாளாம். இவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். முகம் ஊதிவிட்டது, மூச்சு வாங்குகிறது, அப்போதும் பீட்ரூட் சாயம்தான் என்று சாதிக்கிறாள். ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நேற்று நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் மெஷின்ல ஏறினா, அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு ஊரே சொல்லும், அது காதுல விழுந்தா அண்ணன் தாங்காது, வேண்டாங்க என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது.

நான் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். லிஃப்ட் பழுதானால் எந்த ஒயரைத் தொடுவது என்று தெரிகிற எனக்கு இவளை எங்கே தொட்டால் இறங்கி வருவாள் என்று தெரியவில்லை. அவள் கேட்கிற ஒரே குரல் உங்களுடையது.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே அவளுக்குப் போன் போடுங்கள். நான் சோத்துக்குப் பதிலாத்தான் சொன்னேன், நீதாம்மா தப்பா எடுத்துக்கிட்டே, என் மேல ஒரு பழியும் இல்லை, மெஷின்ல ஏறு என்று சொல்லுங்கள். அன்றைக்கு நீங்கள் எதை மனதில் வைத்துச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். மாத்திரையையே சொல்லியிருந்தாலும் சரி, சோறு என்றே சொல்லுங்கள்.

அக்காவிடம் இதைக் காட்ட வேண்டாம். நீங்கள் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும் என்று உங்கள் தங்கை ஒவ்வொரு வேளையும் வேண்டிக்கொள்கிறாள். நானும் வேண்டிக்கொள்ளப் பார்க்கிறேன், மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை பிழைப்பாள் என்று இன்னும் நம்புகிற,
மாப்பிள்ளை