உன்னிடம் தங்கிவிட்ட கிருமி

அக்கா,

பேத்தி சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். அவள் பையில் இருந்த தாளில் ஏ, சி, ஜி, டி என்று நாலே இங்கிலீஷ் எழுத்துகள் மாறி மாறி வரிசையாக இருந்தன. ஐந்தாவதோடு நின்றவள்தான் நான். அந்த நாலையும் படித்துவிட்டேன். ஓரிடத்தில் மட்டும் சிவப்பு வட்டம்.

"இன்னாடி இது?"

"கர்ப்பப்பை வாயில புத்துநோய் கொண்டாற கிருமி ஆயா. ஒரே கிருமிதான், ஆனா அதுக்குள்ள இந்த எழுத்து ஒண்ணு ரெண்டு மாறினா கொணமும் மாறலாம். எது ஒடம்ப விட்டுப் போயிடுது, எது தங்கிடுதுன்னு பாக்கறதுதான் என் வேலை."

நம் வீட்டுப் பெண் இதைச் சொல்கிறாள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடி உன் முகம் வந்து நின்றது.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆயும்போது நீ எனக்கு முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து, "தூங்கிட்டியாடி?" என்பாய். அப்படிப்பட்டவள் மூன்று அமாவாசையாக மேல்மலையனூர் பஸ்ஸில் ஏறவில்லை. மாதவிலக்கு நின்று பல வருஷம் ஆனவளுக்கு மறுபடி உதிரம். தீட்டோடு அங்காளம்மனிடம் போகக்கூடாது என்று வீட்டில் இருந்துகொண்டாய். அம்மனுக்குத்தான் பயந்தாய், நோய்க்குப் பயப்பட உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது முற்றியிருந்தது.

"ஆம்பள பொம்பள சேர்றதுல தொத்துற கிருமியால வர்றதும்மா," என்றார் டாக்டரம்மா. நாம் இரண்டு பேர்தான் கேட்டோம். உன் வீட்டுக்காரர் இறந்து அப்போது பதினாலு வருஷம். பஸ் செஞ்சிக்கு வந்து சேரும்வரை அந்தப் பதினாலு வருஷமே என் மனதில் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் உனக்குத் தனி டம்ளர் வைத்தேன். ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "புதுசா? எனக்கு மட்டுமா?" என்று சிரித்துவிட்டுக் குடித்தாய்.

கடைசி வாரம் என் கையைப் பிடித்தாய். "அவரத் தவிர யாரும் இல்லடி. நீ நம்பறியா?"

கஞ்சி ஆறுகிறது என்று எழுந்து போனேன்.

பேத்தியிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டேன். "புருஷன் செத்து பதினாலு வருஷம் ஆனவளுக்கு வருமா?"

"ஏன் வராது? உள்ளயே எத்தினியோ வருஷம் சத்தமில்லாம கெடக்கும். நெறைய பொம்பளைங்களுக்கு வர்றதுதான் ஆயா, பாதிப் பேருக்கு மேல தானா போயிடும். உனக்குக் கூட வந்துட்டுப் போயிருக்கும்."

"டம்ளர்ல ஒட்டுமா?"

"சேச்சே. யாரு சொன்னா உனக்கு?"

யாரும் சொல்லவில்லை அக்கா. நானாக வைத்ததுதான்.

எனக்கு வந்தது போயிருக்கும். உனக்கு வந்தது தங்கிவிட்டது. உன் நடத்தைக்கும் என் நடத்தைக்கும் நடுவில் எந்த வித்தியாசமும் இல்லை. கல்யாணம் செய்துகொண்டது ஒன்றுதான் நீ செய்தது.

இப்போது நம்புகிறேன். இதைச் சொல்ல உன் படத்துக்கு முன்னால் போனேன், திரும்பி வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரே அடுப்பில் முப்பது வருஷம் என்னோடு சமைத்தவள் கையைப் பிடித்துச் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு தாளைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.