த்ரீவீலர் ஸீட்டில் உட்கார்ந்து எழுதுவது

மாத்தளை
9.11.2008

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

மாதாவின் தயவால் நானும் அம்மாவும் நலம், என் இடுப்பைத் தவிர. அது கொஞ்ச நாளாகத் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று இருவரும் ஜெபிக்கிறோம். டவுன் கடையை விட்டுவிட்டு ஸ்டிக்கர் வெட்டும் மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன் என்றதும், மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும், வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும், குனியாதீர்கள் என்று போனில் பாடம் எடுத்தாயே, எல்லாம் செய்தாகிவிட்டது. எந்த அறையில் என்று மட்டும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த வீட்டில் நல்ல வெளிச்சமுள்ள அறை ஒன்றுதான், தம்பியுடையது. மைக்கல் நாலந்தாவுக்கு ஆளேற்றிக்கொண்டு ஹயர் போய், த்ரீவீலர் மட்டும் ரோட்டோரத்தில் கிடைத்து, வருகிற தை மாதத்தோடு இரண்டு வருஷம்.

அவன் கட்டிலை ஒரு அங்குலம் நகர்த்த விடமாட்டேன் என்றாள் அம்மா. இரண்டு நாள் சாப்பாடு வந்தது, உப்பு வரவில்லை. கட்டில் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும் என்று நான் இறங்கிவந்து, பழைய கதவொன்றைக் கல் அடுக்கி ஜன்னலோரம் மேசையாக்கினேன், வினைல் ரோல்களைச் சுவரில் பைப் அடித்துத் தொங்கவிட்டேன், பெரிய புத்திசாலி மாதிரி ஃபேனையும் போட்டேன். றஹீம் நானாவின் கறுவாப்பட்டைக் கடை போர்டுக்கு வெட்டி உரித்து வைத்திருந்த சிவப்பு எழுத்தொன்று காற்றில் கிளம்பிப் போனதை நான் பார்க்கவில்லை. அது என் கால்சட்டையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, அப்படியே ஞாயிறு பூசைக்குப் போய் நற்கருணையும் வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டுத் திரேசம்மா நம் கேட் வரை பின்னாலேயே நடந்து வந்து, நோபர்ட் அண்ணே, கடைய மூடுனதால இப்ப இப்படித்தான் விளம்பரமாங்க என்று கேட்டாள். அம்மா சிரித்துவிட்டாள். எத்தனை மாதத்துக்குப் பிறகென்று எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மேசை சரி, உட்காரத்தான் வழியில்லை, எந்தக் கதிரையும் இடுப்பைக் கொன்றது. வீட்டுக்குப் பின்னால் படங்கு போட்டு மூடியிருக்கிற தம்பியின் த்ரீவீலரிலிருந்து பின்ஸீட்டைக் கழற்றிக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவன் வந்தா ஆளுகள எதுல ஏத்துவான், ஒங்க மடியிலயா என்றாள். சனிக்கிழமை தவறாமல் அதைத் துடைத்து வைப்பவள் அவள்.

போன வாரம் பல்லேபொலயிலிருந்து பழனிமுத்து தன் த்ரீவீலரைக் கொண்டுவந்தான். பின்கண்ணாடியில இருக்கிற தமிழ எடுத்துருங்க அங்கிள், ஒவ்வொரு செக்பொயின்ட்லயும் ஆமிக்காரங்க எறக்கி விட்டுர்றாங்க, இங்கிலீஷ்ல எதையாச்சும் ஒட்டிருங்க என்றான். நீ விட்டுப்போன தலை காயவைக்கும் மெஷினால் சூடுகாட்டி ஒவ்வொரு எழுத்தாக உரித்தெடுத்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் போனதும், மைக்கல் இங்கிலீஷ்லதான் கேட்டான், நான்தான் மாதாவே துணைன்னு தமிழ்ல பெருசா ஒட்டச் சொன்னேன், அதுனாலயாங்க என்று கேட்டாள். வெட்டினது நான் என்றேன். ஒட்டச் சொன்னது நானு என்றாள். இருவரும் அதைப் பங்குபோடப் பார்த்தோம், யாரும் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அவளே ஸ்பேனர் எடுத்துப் போய் ஸீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டாள். அவன் வர்றவரைக்கும்தான், தேத்தண்ணி கீத்தண்ணி ஊத்துனீங்க கொன்னுருவேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடியில் பலகை அடிக்க நான் ஸீட்டைக் கவிழ்த்தபோது, அடித்துணிக்குள் ஒரு காகிதம் சொருகியிருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் நான் இங்கிலீஷில் வெட்டி, டவுன் தாண்டியதும் மாற்றிக்கொள்ளடா என்று அவனிடம் கொடுத்த ஸ்டிக்கர். எழுத்துகளைப் பிடித்திருக்கும் மேல் டேப் அப்படியே இருக்கிறது, பின்தாள் உரிக்கப்படவில்லை. கையில் வைத்துக்கொண்டே அவன் அம்மாவுடையதைத்தான் கண்ணாடியில் விட்டிருக்கிறான்.

இதைக் காட்டினால் அம்மா ஆறுதலடைவாளா, இருக்கிற உயிரும் போய்விடுமா என்று முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரியவில்லை. எடுத்த இடத்திலேயே சொருகி, மேலே பலகை அடித்துவிட்டேன். போனில் சொல்ல முடியாது, அவள் பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு ஒரு வழி தெரிந்தால் றஹீம் நானா கடை விலாசத்துக்கு எழுது.

தம்பிக்காகச் சொல்லும் ஜெபத்தை விட்டுவிடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். ஆண்டவர் உன் வயிற்றுப் பிள்ளையையும் உங்கள் இருவரையும் காப்பாராக. கிறிஸ்மஸுக்குப் போன் எடுக்கும்போது அந்த ஸ்டிக்கர் பேச்சை எடுக்காமல், அப்பாவுக்கு உட்கார வசதியாக இருக்கிறதா என்று மட்டும் கேள். மெத்தென்று இருக்கிறது மகள் என்று அம்மா காதில் விழச் சொல்வேன்.

உன் அப்பா
நோபர்ட்