சர்வரில் உன் பெயர்

என் சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதினால் பாதி பொய், உடம்பு வரைக்கும் சௌக்கியம் என்று வைத்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும், ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்க எனக்குக் கை வரவில்லை. போனை எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் திறந்து பார்ப்பதும் இல்லை. காகிதம் என்றால் கிழித்துப் போடவாவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும். கிழிப்பதற்கு முன் இதை மட்டும் படித்துவிடு. நம் வீட்டுப் பாட்டு சர்வரிலிருந்து உன்னை யாரும் நீக்கவில்லை. அண்ணனும் நீக்கவில்லை, நானும் நீக்கவில்லை.

அப்பா தன்னிடம் இருந்த கேசட், சி.டி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நீ விட்டுப் போன பழைய லேப்டாப்பையே சர்வராக்கினார், நீ அங்கேயும் நாங்கள் இங்கேயும் ஒரே அலமாரியிலிருந்து எடுத்துக் கேட்கிற மாதிரி. அவர் போனபோது நீ வந்து சேர்வதற்குள் அண்ணன் அடக்கத்தை முடித்துவிட்டான் என்று உனக்குக் கோபம். அதில் நான் நியாயம் பேச வரவில்லை, உன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு பாத்திரம் உடைத்திருப்பேன். எங்களோடு பேச்சை நிறுத்தினாய், ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. சர்வர் பக்கத்தைத் திறந்தால் யார் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும், உனக்கு அது தெரியுமோ என்னவோ. வேவு பார்த்தேன் என்று நினைக்காதே. உன் பெயருக்குக் கீழே பாட்டு ஓடினால், சரி, எழுந்துவிட்டாள், வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்று என் காப்பியைக் குடிப்பேன். ஒரே புல்லாங்குழலை நீ திரும்பத் திரும்பப் போட்ட நாட்களில் மனசு சரியில்லை என்று புரிந்துகொண்டு நானும் அதையே சமையலறையில் வைத்துக்கொள்வேன். உன்னிடமிருந்து எனக்கு வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அதுதான் கெட்டுப்போயிற்று. முதலில் பாட்டு பாதியில் நின்று நின்று வந்தது. லேப்டாப் ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது, திறந்து தூசி துடைத்தேன், கொஞ்சம் அடங்கியது. அப்புறம் ஒரு மின்வெட்டு, அதற்குப் பிறகு என் போனிலிருந்து சர்வர் அகப்படவே இல்லை. ரவுட்டர் மறுபடி ஆன் ஆனபோது லேப்டாப்புக்கு வேறு முகவரி கொடுத்துவிட்டதாம், தபால்காரருக்குச் சொல்லாமல் வீடு மாறிப் போன மாதிரி. அதையும் நானே தேடிப் படித்துச் சரிசெய்து, இனி மாறாதபடி முகவரியைக் கட்டிப் போட்டேன், அப்பா இருந்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். அடுத்து, வெளியே தனியாகச் செருகிய ஹார்ட் டிஸ்கின் கேபிள் லூசாகி, சர்வர் போய்ப் பார்த்தால் பாட்டு வைத்த இடமே காலி. உள்ளதைச் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று பட்டியலை மொத்தமாகத் துடைத்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் வந்து கேபிளை அழுத்திச் செருகிப் பார்த்தால் டிஸ்கில் பாட்டெல்லாம் பத்திரம். இனி எதற்கு வம்பு என்று அந்த சாஃப்ட்வேரையே அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டான். பாட்டு திரும்பி வந்த சந்தோஷத்தில் நாங்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை. புதியதில் அவன் எனக்கு மட்டும் ஒரு அக்கவுண்ட் திறந்துகொடுத்தான், பழையதோடு எல்லோருடைய அக்கவுண்டும் போய்விட்டது, உன்னுடையதும்.

அது தெரியாமல் நான் தினமும் பக்கத்தைத் திறந்து உன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். காய்ச்சலோ, வேலை போய்விட்டதோ, எங்களை விட்டது போல இதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டாளோ என்று என்னென்னவோ நினைத்தேன். ஒரு நாள் வேறு எதற்கோ, சர்வர் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பைத் திறந்தேன். அதில் உன் பெயர் இருந்தது. நீ கதவைத் தட்டியிருக்கிறாய், அப்படி ஒருவர் இல்லை என்று திருப்பியிருக்கிறது. மறுபடி தட்டியிருக்கிறாய், மறுபடியும் அதே பதில். வரிவரியாகப் போய்க்கொண்டே இருந்தது, பிறகு ஒன்றும் இல்லை. கண் ஆஸ்பத்திரி முன்மேசையில் உட்கார்ந்துகொண்டு 'உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே' என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், அந்த வார்த்தை இப்படி அறையும் என்று எனக்குத் தெரியாது பாப்பா. அண்ணனிடம் காட்டினேன். அவன் அதை மேலிருந்து கீழ்வரை படித்தான். கடைசியில், 'நான்தான் தூக்கிட்டேன்னு நெனச்சிருப்பாளாம்மா?' என்றான். அப்படித்தானே நினைத்திருப்பாய்.

அந்த நிமிடமே உன் பெயரைப் போடச் சொன்னேன், அவன் போடுவதற்குள் லேப்டாப் அணைந்துவிட்டது. பேட்டரி வீங்கிக் கீபோர்டையே தூக்கிவிட்டிருந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர், அதுதான் எதைக் கேட்டாலும் 'ஒரு நிமிஷம்' என்று சொல்லி உள்ளே போனால் வெளியே வராத மனிதர், பார்த்துவிட்டு, 'இத வீட்லயே வெக்காதீங்க, பத்திக்கும்' என்று வாங்கி வைத்துக்கொண்டார். புதிதாக எதை வாங்குவது என்று அங்கேயே ஒரு பஞ்சாயத்து. உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு காட்டினார், அடிக்கடி கரண்ட் போகிற வீட்டில் அதன் மெமரி கார்டு தாங்காது என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டு டிஸ்க் போட்ட பெட்டி ஒன்று, அது கடகடவென்று சத்தம், பாட்டு கேட்கவா அதைக் கேட்கவா. கடைசியில் ஏதோ அலுவலகத்தில் பயன்படுத்திய சின்ன கம்ப்யூட்டர். 'பாட்டு கேக்கறது நீங்க ஒருத்தர்தானம்மா, இவ்ளோ எதுக்கு?' என்றார். ரயிலில் சிக்னல் குறையும்போது பாட்டைச் சுருக்கி அனுப்ப அதற்குத் தெம்பு வேண்டும், கரண்ட் வந்ததும் யாரும் தொடாமல் தானே எழுந்துகொள்ள வேண்டும், நான் வேலைக்குப் போன நேரத்தில் என் பொண்ணு வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும் என்றேன். அவர் உடனே எடுத்துக் கட்டிக்கொடுத்தார்.

அண்ணன் வேலை முடிந்து நேராக இங்கே வந்து எல்லாவற்றையும் ஏற்றினான். அங்கே அவன் வீட்டில் அண்ணி தோசைக்கல்லோடு காத்திருந்தாள், அவன் அசையவில்லை. முதலில் உன் பெயரைப் போட்டான், அடுத்து என்னுடையது, பிறகு அவனுடையது. பழைய சர்வரில் அப்பாவின் பெயரும் இருந்தது, கடைசியாக அவர் கேட்ட பாட்டோடு. அதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அப்படியே விட்டு வைத்திருந்தேன். கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு அண்ணன், 'அப்பாவுக்கும் போடட்டுமாம்மா?' என்று கேட்டான். நான் எழுந்து போய்ப் பற்ற வைக்காத அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். வேண்டாம்ப்பா என்றேன். அவர் போன பிறகு, இனி அவர் இல்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடக்கத்தன்றுகூட அழாத உன் அண்ணன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும்தான் எழுதுகிறேன், வேறு எதற்கும் இல்லை.

உன் அண்ணன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, 'அத்தை' என்று சொல்லத் திணறுகிறாள். உனக்கு வேளைக்குச் சாப்பிடும் வழக்கம் இருக்கிறதா? குளிர் என்று ஜன்னலை எந்நேரமும் மூடி வைக்காதே, ரயிலில் தூங்கி இறங்கும் இடத்தைத் தவறவிடாதே. நீ எந்த ஊரில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, இதுதான் என் ஆசீர்வாதம். பாஸ்வேர்டைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், மறக்காமல் மாற்றிக்கொள், முகவரி பழையதுதான். பேச வேண்டாம். அண்ணனை மன்னிக்கவும் வேண்டாம், அது உன் இஷ்டம். உள்ளே வந்து ஏதாவது ஒன்றை ஓட விடு. கேட்கப் பிடிக்கவில்லை என்றால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு உன் வேலையைப் பார், அப்படி ஓடினாலும் இங்கே உன் பெயர் தெரியும்.

உன் அம்மா