கொட்டகையில் நிற்கும் செவெல்

எல்ம் கார்னர்ஸ், மிச்சிகன்
3 செப்டம்பர் 1989

என் சுண்டெலிக்கு,

நாற்பத்தோரு வயதில் இப்படிக் கூப்பிடாதே என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சுளித்துக்கொள். உன் சிறையில் யாரும் காதில் வாங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உன் பாடு.

நேற்று மாதத்தின் முதல் சனிக்கிழமை. நீ இட்ட கட்டளைப்படி கொட்டகைக்குப் போய், தார்ப்பாயை விலக்கி, ஓட்டுநர் சீட்டில் என் மஞ்சள் மெத்தையைப் போட்டு ஏறி உட்கார்ந்து, உன் செவெல் காரை இருபது நிமிடம் ஓடவிட்டேன். மெத்தை இல்லாவிட்டால் ஸ்டியரிங்குக்கு மேலே எனக்கு உலகமே தெரிவதில்லை. அப்பப்பா, என்ன உறுமல்! எதிர்வீட்டுத் திருமதி நொவாக்கின் அலமாரியில் தட்டுகள் ஆடினவாம். "ஏன்டி வெர்னா, அந்தப் பூதத்த எப்பதான் விக்கப் போற?" என்று ஊறுகாய்ப் பாட்டிலோடு வந்து நின்றாள்.

விஷயம் அதுதான். போன மாதம் மட்டும் தபால் பெட்டியில் நான்கு துண்டுச் சீட்டுகள். 'பழைய வேகக் கார் இருந்தால் வாங்குவோம், ஓடாவிட்டாலும் பரவாயில்லை.' செவ்வாய்க்கிழமை டை கட்டிய ஒருவன் படியேறி வந்தான். "உள்ள என்ன வண்டிங்க நிக்குது? சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடறேன்" என்றான். "உள்ள என் தம்பியோட கோவம் நிக்குது, பாக்கறியா?" என்று கேட்டேன். பார்க்காமலே பதினெட்டாயிரம் டாலர் என்றான். நீ நாலாயிரத்துக்கு வாங்கியது!

விற்றுவிடலாமா, தம்பி? பணத்துக்காக இல்லை. அந்த ஆள் கொட்டகையைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பசியோடு வந்தவன் அடுப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

சாப்பிடு. யாரோடும் மல்லுக்கு நிற்காதே.

அன்புடன்,
அக்கா வெர்னா


சிறை, மூன்றாம் பிளாக்
18 செப்டம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

விற்பதா? அந்தப் பேச்சையே எடுக்காதே. பாரில் ஒருவன் மண்டையை உடைத்ததற்கு ஆறு வருடம் கொடுத்துவிட்டேன். வேலை போயிற்று, மனைவி போனாள், தலைமுடியும் போயிற்று. வருகிற ஜூனில் நான் வெளியே வரும்போது எனக்காகக் காத்திருப்பது நீயும் அந்த வண்டியும்தான்.

டை கட்டியவன் ஏன் நாக்கைத் தொங்கப் போடுகிறான் தெரியுமா? இன்ஷூரன்ஸ்காரன் பயமுறுத்தினான், பெட்ரோல் விலை ஏறியது, எல்லோரும் இந்த வேகக் கார்களைக் கழித்துக்கட்டினார்கள். பாதியை மரத்தில் மோதி முடித்தார்கள், மீதியைத் துரு தின்றது. இப்போது தாங்கள் வாலிபத்தில் விற்றதையே பத்து மடங்கு கொடுத்துத் தேடுகிறார்கள். அந்தப் பெரிய இன்ஜினோடு தொழிற்சாலையிலிருந்து வந்த செவெல் இந்த ஜில்லாவில் இன்னொன்று இருக்கிறதா என்பதே சந்தேகம்.

இங்கே ஒருவனும் என்னை நம்பவில்லை. "சும்மா அளக்காத டெக்கர், சாதா வண்டியில பெரிய இன்ஜினத் தூக்கி வெச்சிருப்ப" என்று சிரித்தார்கள். வண்டியின் நம்பரைப் பார்த்து இன்ஜினைச் சொல்ல முடியாது. தொழிற்சாலைச் சீட்டு ஒன்றுதான் சாட்சி. அது பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள் செருகினபடியே இருக்கிறது என்று சொன்னேன், அதிலிருக்கும் எண்களை மனப்பாடமாக ஒப்பித்தேன். என் அறைத் தோழன் டெல்பர்ட் எழுந்து நின்று கை கொடுத்தான். நல்ல மனிதன். அடுத்தவர் கையெழுத்தைக் காசோலையில் போட்டு மாட்டிக்கொண்டவன். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மாதாமாதம் ஓடவிடுவதை நிறுத்திவிடாதே. இன்ஜின் இறுகிவிடும்.

உன் தம்பி,
ராய்ஸ்


எல்ம் கார்னர்ஸ்
15 அக்டோபர் 1989

என் சுண்டெலிக்கு,

நுணலும் தன் வாயால் கெடும். திருடர்கள் நிறைந்த கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, பெட்டி இங்கே, சாவி அங்கே என்று பாடம் ஒப்பித்தாயாக்கும். உனக்கு மூளையைக் கொடுத்த கடவுள் வாய்க்கு ஒரு மூடியையும் கொடுத்திருக்கலாம்.

திட்டி முடித்துவிட்டேன். இப்போது கேள்.

இந்த மாத முதல் வியாழக்கிழமை, பள்ளிக்கூடச் சமையலறை வேலையிலிருந்து திரும்பியபோது, கொட்டகைப் பூட்டைச் சுற்றி மரம் புதிதாகச் சிராய்ந்திருந்தது. ஈர மண்ணில் டயர்த் தடம், என் வண்டியுடையது அல்ல. தெரு முனையில் இருக்கிற பழைய இரும்புக் கிடங்கில் உன் செவெல் மாதிரி ஐந்து கிடந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றுகூட மிச்சமில்லை. கதவு, கண்ணாடி, மட்கார்டு என்று பிய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கிடங்குக்காரர் சொல்கிறார்: "மொதல்ல காரத் தேடினாங்க வெர்னா. அப்புறம் கதவத் தேடினாங்க. இப்போ வெறும் ஃபேக்டரி பேப்பரத் தேடறாங்க. பேப்பர் கெடச்சா போதும், மத்தத அவங்களே செஞ்சுக்குவாங்க."

இந்த மாதம் நான் அதை ஓடவிடவில்லை. இருபது நிமிடம் அது உறுமினால், நான் தனியாக இருக்கிறேன், என்னிடம் புதையல் இருக்கிறது என்று ஊருக்கே தண்டோரா போடுகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. ஐம்பத்தாறு வருடத்தில் இந்த வீட்டில் பயந்ததில்லை.

உனக்கு இரும்பு வேண்டுமா, அக்கா வேண்டுமா? யோசித்து எழுது.

வெர்னா


சிறை, மூன்றாம் பிளாக்
2 நவம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதே. மான் வேட்டைக் காலம் நெருங்குகிறது, வெளியூர் ஆட்கள் நோட்டம் பார்க்கத் திரிவார்கள். அவர்களில் எவனாவது கைவரிசை காட்டியிருப்பான். கனமான சங்கிலி ஒன்று வாங்கிப் போடு. இன்னும் ஏழே மாதம். நான் வந்ததும் என்ன சொன்னாலும் கேட்கிறேன். இப்போது மட்டும் விற்கச் சொல்லாதே. ராத்திரி கண்ணை மூடினால் அந்த ஸ்டியரிங்தான் கையில் இருக்கிறது. அது இல்லையென்றால் எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவேன்?

டெல்பர்ட் போன திங்கட்கிழமை விடுதலையாகிப் போய்விட்டான். நீ திட்டி எழுதிய கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தான். "உங்க அக்கா கையால ஒரு வேளை சாப்பிடணும்யா" என்றான். அறை வெறிச்சென்று இருக்கிறது.

உன் தம்பி,
ராய்ஸ்


எல்ம் கார்னர்ஸ்
19 நவம்பர் 1989

என் சுண்டெலிக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். செவ்வாய்க்கிழமை என் வாசிக்கிற கண்ணாடியைக் காணோம் என்று தேடினால், கொட்டகை வாசலில் யாரோ மிதித்து நொறுங்கிக் கிடக்கிறது. நானே மிதித்திருப்பேன் என்கிறான் டெல்பர்ட்.

ஆமாம், உன் டெல்பர்ட்தான்! பத்து நாள் முன்பு, கையில் தொப்பியோடு வந்து நின்றான். "அக்கா, நான் ராய்ஸோட ரூம்ல இருந்தவன். உங்களப் பத்தி அவன் பேசாத நாளே கெடையாது" என்றான். நீயும் நல்லவன் என்று எழுதியிருந்தாயே, உட்காரச் சொன்னேன். கூரை ஒழுகுவதைப் பார்த்தான், சட்டையைக் கழற்றி ஏறிவிட்டான். பின்னறையில் தங்கச் சொல்லிவிட்டேன். சங்கிலியும் பூட்டும் அவனே வாங்கி வந்து மாட்டினான். சாவி பத்திரமாக அவனிடம் இருக்கிறது.

வெகு நாளைக்குப் பிறகு பயமில்லாமல் தூங்கினேன். இனி கார் கேட்டுத் துண்டுச் சீட்டுப் போடுகிறவர்கள் வந்தால் அவன் பார்த்துக்கொள்வான். தபாலையும் அவனே பெட்டியிலிருந்து எடுத்து வந்து வாசித்துக் காட்டுகிறான். உன் பழைய கடிதங்களையும் இன்னொரு முறை வாசிக்கக் கேட்டேன், என்ன நயமாக வாசிக்கிறான்!

ஒன்றே ஒன்று. நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கொட்டகைக்குள் பின்சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தான். எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்தேன் என்றான். நல்ல காரியம்தானே?

வியாழக்கிழமை நன்றி நாள் பண்டிகை. விருந்துக்கு வான்கோழி வாங்கியாயிற்று. அடுத்த வருடம் நீயும் இருப்பாய்.

அன்புடன்,
அக்கா வெர்னா


சிறை, மூன்றாம் பிளாக்
27 நவம்பர் 1989

அக்கா,

பண்டிகையால் உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. இதைப் படித்த உடனே கோட்டை மாட்டிக்கொண்டு திருமதி நொவாக் வீட்டுக்குப் போ. பெட்டி எடுக்காதே, அவனிடம் சொல்லாதே. உன் கடிதத்தைப் படித்ததும் தேடிப் பார்த்தேன், உன் முகவரி இருந்த கடித உறைகள் என் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. காவலர் ஒருவரிடம் கேட்டேன். "காசோலையா? அது வெறும் கடைசி கேஸ்யா. தனியா இருக்கற கெழவிங்க வீட்டுல தங்கறதுதான் அவன் தொழிலே" என்றார். நான் முட்டாள், அக்கா, என்னை மன்னித்து

நிறுத்திவிட்டேன். இப்போதுதான் உறைக்கிறது. உன்னிடம் கண்ணாடி இல்லை. இதை வாசிப்பது நீ இல்லை.

டெல்பர்ட். வண்டியை எடுத்துக்கொண்டு போ. தொழிற்சாலைச் சீட்டையும் எடுத்துக்கொள். நான் யாரிடமும் வாய் திறக்கமாட்டேன், என் தாய் மேல் ஆணை. அவளுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடு. உனக்குச் சோறு போட்டவள்.

ராய்ஸ்


எல்ம் கார்னர்ஸ்
6 டிசம்பர் 1989

அன்புள்ள ராய்ஸ்,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். வீணாகக் கவலைப்படாதே. டெல்பர்ட் மிகவும் உதவியாக இருக்கிறார். திருமதி நொவாக் குளிர்காலத்துக்கு ஃபுளோரிடாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நன்றாக யோசித்து, வண்டியை விற்பதே நல்லது என்று முடிவு செய்திருக்கிறேன். விலை இன்னும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. உரிமைப் பத்திரம் உன் பெயரில் இருப்பதால் இதனுடன் இணைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் உன் முழுப்பெயரில் கையெழுத்திட்டு உடனே திருப்பி அனுப்பு.

உன் அன்புச் சகோதரி,
வெர்னா டெக்கர்


சிறை, மூன்றாம் பிளாக்
13 டிசம்பர் 1989

டெல்பர்ட்,

எழுத்து அவளுடையது மாதிரியே இருக்கிறது. அசந்துபோனேன். ஆனால் கண்ணாடி உடைந்தவள் இவ்வளவு நேராக எழுதமாட்டாள். அப்புறம், என் அக்கா என்னை ஒருநாளும் ராய்ஸ் என்று கூப்பிட்டதில்லை. அவள் கூப்பிடுகிற பெயர் ஒன்று உண்டு. அது பிடிக்காததால் நான் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை, உன்னிடம் சொன்னதும் இல்லை. அவள் எனக்கு எழுதியதை உனக்குப் படித்துக் காட்டியபோதுகூட அந்த முதல் வரியை விழுங்கிவிட்டுத்தான் படித்தேன்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுச் சிறைப் பாதிரியாரிடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெயரை அவள் கையால், கோணல் எழுத்தில், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பு. ஒரே ஒரு சொல். அது வந்த அன்றே பத்திரம் தபாலில் சேரும். சொன்ன சொல் தவறமாட்டேன்.

நான் இங்கே அதிகாரிகளிடம் சொல்லிவிட்டேன். ஷெரீஃபின் ஆள், போலீஸ்காரர், வருவார். அதற்கு முன் நல்லவனாக நடந்துகொள்ள உனக்கு நேரம் இருக்கிறது. அவள் தலையில் ஒரு முடி உதிர்ந்திருந்தாலும், ஜூன் மாதம் உன்னைத் தேடி வருவேன்.

ராய்ஸ் எல்மர் டெக்கர்


சிறை, மூன்றாம் பிளாக்
8 ஏப்ரல் 1990

அக்காவுக்கு,

இதற்கு முன் எழுதிய பதினொரு கடிதங்களும் 'பெறுவார் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்துவிட்டன. இதுவும் வரும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஷெரீஃபின் ஆள் டிசம்பரில் வந்து கதவைத் தட்டினாராம். நாகரிகமான ஒருவர் திறந்து, "அவங்க டொலிடோல சித்தி வீட்டுக்குப் போயிருக்காங்க சார்" என்றாராம். நமக்கு ஏது அக்கா டொலிடோவில் சித்தி? நான் கத்திய பிறகு ஜனவரியில் மறுபடி போனார்கள். கொட்டகை காலி, வீடும் காலி. வான்கோழி சமைக்காமல் ஐஸ் பெட்டியில் அப்படியே இருந்ததாம். நன்றி நாளைக்கு வாங்கியது, அக்கா. அதைக் கேட்ட பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை. வயது வந்த பெண்மணி, தானாகவே எங்காவது போயிருக்கலாம் என்று தாளில் எழுதி முடித்துவிட்டார்கள்.

பாதிரியாரிடம் கொடுத்த பத்திரம் அவர் மேசையிலேயே கிடக்கிறது. அவனுக்கு அது தேவைப்படவில்லை. பத்திரம் தொலைந்துவிட்டது என்று வாகன அலுவலகத்தில் என் கையெழுத்தைப் போட்டு எழுதிக் கொடுத்து நகல் வாங்கியிருக்கிறான். என் முழுப்பெயர்க் கையெழுத்து எங்கே கிடைத்தது என்று கேட்கிறாயா? கோபத்தில் அவனுக்கு எழுதினேனே ஒரு கடிதம், அதன் அடியில் நானே போட்டுக் கொடுத்தேன். முதலில் என் வாய் கெடுத்தது, பிறகு என் கை.

போன மாதம் நூலகத்தில் கார்ப் பத்திரிகை பார்த்தேன். நடுப்பக்கத்தில் விளம்பரம். 1970 செவெல், ஒரே குடும்பத்தில் இருந்தது, அசல் தொழிற்சாலைச் சீட்டுடன், ஐம்பத்திரண்டாயிரம் டாலர். 'இனி இப்படி ஒன்று கிடைக்காது' என்று போட்டிருக்கிறார்கள். இடது மட்கார்டில் நான் இடித்த நெளிவு அப்படியே இருக்கிறது. பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய் அதிகாரியிடம் கொடுத்தேன். விற்பவர் மூன்றாவது கையாக வாங்கியவர், அவருக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள்.

உள்ளே எடுத்த படமும் போட்டிருக்கிறார்கள். ஓட்டுநர் சீட்டில் உன் மஞ்சள் மெத்தை அப்படியே கிடக்கிறது, அக்கா. அதை எடுத்துவிடவேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

இரும்பா அக்காவா என்று நீ அக்டோபரில் கேட்டாய். நான் சங்கிலி வாங்கிப் போடச் சொன்னேன். இப்போது பதில் எழுதுகிறேன்: நீதான். நீ மட்டும்தான். எங்கே இருந்தாலும் என்னை ஒரு தடவை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடு, முகம் சுளிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் சுண்டெலி