எழுபத்திரண்டில் நாற்பத்தெட்டு

சூலூர்
16.6.97

அன்புள்ள கதிர்வேல்,

நீ எழுதியிருந்த தொண்ணூற்றாறு சதவீதத் தேர்ச்சி என்பது சரியான எண்தான். நாளிதழில் நானும் பார்த்தேன், வெட்டி வைத்திருக்கிறேன். நூலகத்து நாளிதழை யாரும் வெட்டக் கூடாது, நூலகரான நானே வெட்டிவிட்டேன். நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம், உன் இருமல் விட்டதா, பூனாவில் மழை பிடித்துவிட்டதா என்று எழுது. இங்கே மழை இல்லை. ஆனிக் காற்று. தாள் பறக்காமலிருக்க அகராதியை மேலே வைத்து எழுதுகிறேன். உன் தங்கை கோகிலாவை நீ படித்த பள்ளியிலேயே ப்ளஸ் ஒன் சேர்க்கச் சொல்லியிருந்தாய். நீ படிக்காததற்குப் பள்ளி என்ன செய்யும் என்றும் எழுதியிருந்தாய். நான்கு நாட்களாக அந்த வரியிலேயே நிற்கிறேன். சேர்க்கைக்கு நாளை கடைசி.

பஸ் போகும் தூரத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிகள் மூன்று. சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கோகிலாவுடன் மூன்றுக்கும் போனேன். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போலப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறேன் என்று அவள் வழியெல்லாம் கேலி செய்தாள். ஒன்றில் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை, அதை விட்டுவிடு. மிச்சம் இரண்டு. உன் பள்ளி தொண்ணூற்றாறு, ஆற்றுப்பாலத்துக்கு அப்பால் இருக்கும் பள்ளி எழுபத்தொன்று. உன் பள்ளிக்குப் புதுச் சுவர், ஆய்வகத்தில் நான்கு குழாய், ஒரே பஸ். பாலத்துப் பள்ளியில் ஒரு குழாய், அதுவும் ஒழுகுகிறது, இரண்டு பஸ் மாற வேண்டும். உன் அப்பாவுக்கு ஒரே பஸ் என்பதே போதும். எனக்கும் போதுமாகத்தான் இருந்தது, உன் பள்ளி அலுவலக அறையில் எழுத்தர் மாரப்பன் பேசும் வரை. போன வருடம் ஐம்பது பேர் எழுதி நாற்பத்தெட்டுப் பேர் தேர்ச்சி என்று பெருமையாகச் சொன்னார். அதற்கு முந்தைய வருடம் ப்ளஸ் ஒன்னில் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. தெரியும். "எழுபத்திரண்டு பேருங்க. தேறாதுன்னு தெரிஞ்சதையெல்லாம் டிசி குடுத்து அனுப்பிச்சுப்போட்டமுங்க. இல்லாட்டி பர்சன்டேஜ் நிக்குமுங்களா?" என்றார். நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார்.

பாலத்துப் பள்ளியில் எண்பத்தைந்து பேர் சேர்ந்து, எண்பத்துமூன்று பேர் எழுதி, ஐம்பத்தொன்பது பேர் தேர்ச்சி. எழுபத்திரண்டில் நாற்பத்தெட்டு. எண்பத்தைந்தில் ஐம்பத்தொன்பது. வகுத்துப் பார், எது பெரியது என்று. கணக்கு ஆசிரியை சாஜிதா பேகத்திடம், பிள்ளைக்குக் கணக்கு வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கோகிலாவுக்குப் பத்தாவதில் கணக்கு ஐம்பத்திரண்டுதான். அந்த அம்மா விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாலு மணிக்கு மேல உக்கார வெப்பனுங்க. அப்பவும் வரலீன்னா பெயிலாகட்டும். எங்க புள்ளையாவே பெயிலாகட்டுமுங்க." வெளியே வந்து வெகுநேரம் நின்றேன். கோகிலா பஸ் போய்விட்டது என்றாள்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. தொண்ணூற்றொன்றில் ப்ளஸ் ஒன் முடிவு ஒட்டுவதற்கு முதல் நாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நீ பெயிலாகவில்லை, கண்ணு. கணக்கில் இருநூறுக்கு எழுபத்தாறு. எழுபது போதும். பதிவேட்டில் நானே பார்த்தேன். ஆனால் ப்ளஸ் டூ தாண்ட மாட்டான், பள்ளிக்குக் கெட்ட பெயர், நீங்களாக எழுதிக் கொடுத்தால் டிசியில் கறுப்புப் புள்ளி இருக்காது என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். குடும்பத்துடன் வெளியூர் செல்வதால் மாற்றுச் சான்றிதழ் வேண்டுகிறேன். ஒரே ஒரு வாக்கியம். ஒரு பிழை இல்லை. நீயாக பெயில் என்று நினைத்துக்கொண்டாய், நான் மறுக்கவில்லை. ஐ.டி.ஐ. நல்லதுதான் என்றேன். நாங்கள் எந்த வெளியூருக்கும் போகவில்லை. பிறகு நீ மட்டும் போனாய்.

கோகிலாவின் தோழிகள் எல்லாரும் உன் பள்ளிக்குத்தான் போகிறார்கள். எண் சொல்வதை நான் கேட்கிறேனா, என் ஆறு வருடப் பயத்தைக் கேட்கிறேனா? வகுத்ததையே திரும்பத் திரும்ப வகுத்துப் பார்க்கிறேன். விடை மாறுவதில்லை, நான்தான் எழுந்து எழுந்து உட்கார்கிறேன். அவள் முகம் வாடும், இருந்தாலும் பாலத்துப் பள்ளி என்றே தோன்றுகிறது. கோபம் வந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

சென்னிமலை முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். லேத்துப் பக்கம் நிற்கும்போது சட்டைக் கையை மடித்துவிடு. ப்ளஸ் டூவைத் தனித்தேர்வராக இப்போதும் எழுதலாமாம், விசாரித்து வைக்கிறேன். கட்டாயமில்லை.

உன் அம்மா,
நாச்சியம்மாள்

செவ்வாய், பகல். கவரை ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டே பாலத்துப் பள்ளிக்குப் போனேன். கோகிலாவைச் சேர்த்தாகிவிட்டது, பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்துக்கு மேலே அச்சிட்டிருந்ததை இரண்டு முறை படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.