அப்பா கல்லறையில் அடித்த சிவப்பு

செமோர்,
அக்டோபர் 19

இயேசுவுக்கே புகழ்.

அன்பு மகள் ஜூலியானாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் உன் தம்பி ரோய்ஸ்டனும் சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பேச்சை எடுத்தால் நானும் அழுகிறேன், நீயும் அங்கே அழுகிறாய், அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், நிதானமாகப் படி. நல்ல செய்திதான், பயப்படாதே.

நம் பழைய ரப்பர் தோட்டத்துக் கல்லறைக்குப் பின்னால் மேட்டில் கால்வாய் உடைந்து, மழை பெய்தால் தண்ணீரெல்லாம் அப்பா மேல் வருகிறது, சிலுவைகூடச் சாய்ந்துவிட்டது என்று ஈஸ்டர் சமயத்தில் சொன்னேனே. நானும் பக்கத்து வீட்டு வீரம்மாவும் நகராட்சி மன்றத்தில் புகார் கொடுத்தோம், ஆட்கள் வந்து அளந்தார்கள். இதுவரைக்கும்தான் உனக்குத் தெரியும், பிறகு நடந்ததை நீ கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. அளந்துவிட்டுப் போன மறுநாள் போய்ப் பார்த்தால் அப்பா கல்லறைக் கட்டின் நாலு மூலையிலும் சிவப்புப் பெயிண்ட். எனக்கு உயிரே போய்விட்டது. நம் தோட்டத்தில் மறுநடவுக்கு முன்னால் எந்தப் பால்மரத்தைச் சாய்க்க வேண்டுமோ அதில்தான் சிவப்பு அடிப்பார்கள், அதை அடித்ததே உன் அப்பாதான். டின்னைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாகப் போவார், சாயங்காலம் அந்தச் சிவப்பு விரலோடு சோறு தின்ன உட்காருவார், நான் திட்டுவேன். அவர் மேலேயே அடித்துவிட்டார்களே, கால்வாய்க்கு இடம் வேண்டும் என்று அவரைத் தோண்டி எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வீரம்மாவும் பால் வெட்டினவள்தானே, அவளும் அப்படியேதான் நினைத்தாள். மன்றத்தில் போய்க் கேட்கவும் பயம், ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்.

ஆனால் வேலை தொடங்கவே இல்லை. மத்திய அரசாங்கம் மன்றத்துக்குக் கொடுக்க வேண்டிய மானியம் வந்து சேரவில்லையாம், அது வந்தால்தான் கால்வாய் கட்டுகிற குத்தகைக்காரர் வருவாராம். குப்பை லாரி ஒழுங்காக வரவில்லை, நம் லோரோங் சந்தில் விளக்கு எரியவில்லை, புல் இடுப்புக்கு வளர்ந்துவிட்டது. மானியம் எப்போது வரும் என்று ஊரே ஏசிக்கொண்டிருந்தது, நான் ஒருத்தி மட்டும் வரவே கூடாது மாதாவே என்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். "நீ ஏத்துற மெழுகுவத்தியாலதான்டி நம்ம லோரோங்கே இருட்டாக் கெடக்கு" என்று வீரம்மா கேலி செய்தாள். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அப்பா பக்கம் மண் இறங்கிக்கொண்டே போனது. மானியம் வந்தால் அவரைத் தோண்டுவார்கள், வராவிட்டால் தண்ணீர் கொண்டுபோகும், நான் எதை வேண்டுவது சொல்.

போன மாதக் கடைசியில் மானியம் வந்துவிட்டது. மண் தோண்டுகிற இயந்திரம் கல்லறைப் பக்கம் போகிறது என்று வீரம்மா ஓடி வந்து சொன்னதும், நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அப்பா கல்லறை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மன்றத்து மேற்பார்வையாளர் ஷாஹ்ருல் என்று ஒரு தமிழ் முஸ்லிம், மரியாதையான பிள்ளை, என்ன அம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சிவப்பைக் காட்டி, என்னையும் சேர்த்துத் தோண்டு என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மரத்துக்குச் சிவப்பு அடிக்கிற கதையைச் சொன்னேன். அப்படியே என் பக்கத்தில் குந்திக்கொண்டார். "அம்மா, செவப்பு அடிச்சது இங்க கை வைக்கக் கூடாதுன்னு டிரைவருக்குக் காட்டத்தான்லா. அந்தா, மேல வெள்ளக் கோடு இருக்குல்ல, அங்கதான் தோண்டப் போறோம்" என்றார். வீரம்மாதான் முதலில் சிரித்தாள், நாம் தோட்டத்தை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகிறது, நம் புத்தி மட்டும் இன்னும் அந்த லயத்து வீட்டிலேயே இருக்கிறது என்றாள். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன், அந்தப் பிள்ளை தண்ணீர் போத்தலைக் கொடுத்தார்.

இப்போது கால்வாய் முடிந்துவிட்டது. நேற்று மத்தியானம் பேய்மழை, குடை பிடித்துக்கொண்டு போய் நின்று பார்த்தேன், தண்ணீர் கால்வாயோடு போனது, அப்பா பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. லோரோங் விளக்கும் எரிகிறது, நான் மெழுகுவர்த்தியை நிறுத்தியதால்தான் என்று வீரம்மா சொல்கிறாள். ரோய்ஸ்டன் லீவு போட்டு தஞ்சோங் மாலிமிலிருந்து வந்து சிலுவையை நிமிர்த்திச் சிமெண்ட் போட்டான். கல்லறைத் திருநாளுக்கு வெள்ளை அடிக்கும்போது தலைமாட்டு மூலையில் இருக்கிற சிவப்பை மட்டும் விட்டுவிடு என்றேன். பார்க்க அசிங்கமாக இருக்குமே அம்மா என்றான். இருக்கட்டும், அக்காள் வந்து பார்க்க வேண்டும் என்றேன். இவ்வளவு நாள் அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன், இப்போது பார்த்தால் சாயங்காலம் சோறு தின்ன உட்கார்ந்த உன் அப்பாவின் அந்தச் சிவப்பு விரல்தான் தெரிகிறது.

கல்லறைத் திருநாளன்று வேலை இருந்தாலும் ஒரு பூசை பார், முடியாவிட்டால் அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, திரைச்சீலை பக்கம் மட்டும் வைக்காதே. காலுறை போடாமல் தூங்காதே. மாதா உன் கூடவே நடந்து உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா
அகதா லூர்துசாமி